போகணி தளும்பாமல்

அம்பத்தூர் ஸ்டேஷனில் கூட்ஸ் குமாஸ்தாவாக இருந்த நடேசன், வெள்ளைக் கோட்டும் தலைப்பாகையுமாக, பட்டாபிராம் ஏரிக்கரையில் ஒரு கான்வாஸ் தூக்குக்கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தார். நெஞ்சுக்கும் தொப்பைக்கும் நடுவே ஒரு பித்தளைப் போகணி. வாயகன்ற பாத்திரம், விளிம்பு வரை தண்ணீர். அவருடைய குடை கரைமேல் அநாதையாகக் கிடந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, முருகா முருகா என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

கட்டிலை நான்கு பட்டாளத்துக்காரர்கள் தூக்கியிருந்தார்கள். தலைமாட்டில் வலது பக்கம் பிடித்திருந்தவன் என் தம்பி ரத்தினம்.

போகணியிலிருந்து தண்ணீர் சிந்திக் கோட்டு நனைந்தால் என் தம்பிக்குப் பரீட்சை போச்சு. அதோடு கல்யாணமும் போச்சு. ஏனென்றால் படுத்திருந்தவர்தான் அவனுக்குப் பெண் கொடுப்பதாக வாக்குக் கொடுத்தவர். அன்று காலை அந்த வாக்கை முறித்துக்கொள்ள வந்தவரும் அவரேதான்.

முறிக்க வந்த மனுஷர் அங்கே போய் எப்படிப் படுத்தார் என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். எனக்கு நேர்கோட்டில் கதை சொல்ல வராது என்பது இந்தத் தொடரை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சட்டைக்கையைப் பார்த்தால் போதும்

போன வாரம் தையல் மெஷின் கதையை எழுதியிருந்தேன். என் வீட்டுக்காரர் தையல்காரர். யுத்தம் வந்ததும் பட்டாளத்திலேயே தையல்காரராகச் சேர்ந்து வடக்கே போய்விட்டார். மெஷின் என்னிடம் தங்கியது. ஆவடி முகாம் வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு ஓலைக் கொட்டகையில் நான் உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்தேன். பொம்பளை பட்டாளத்துக்குத் தைக்கிறாளாம் என்று ஊர் ஒரு மாதம் பேசியது, பிறகு அதுவும் தன் துணியைத் தூக்கிக்கொண்டு வந்தது.

அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "பட்டாளத்து வேலைகளில் எது உசத்தி அம்மா? உங்களுக்குத் தெரிந்திருக்குமே?"

தெரியும். எனக்குத் தெரிந்த அளவுக்குச் சில துரைமார்களுக்கே தெரிந்திருக்காது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சின்னம் உண்டு. பயிற்சி முடிந்து பரீட்சையில் தேறியவன் அதைச் சட்டைக்கையில் தைத்துக்கொள்ள வேண்டும். ஆவடியில் தேறியவர்களில் பாதிப் பேருடைய கை என் ஊசிக்குக் கீழே வந்து போனது.

கம்பியில்லாத் தந்திக்காரனுக்கு இரண்டு கொடி குறுக்கே வைத்த சின்னம். மாதக்கணக்காக ஒரே கொட்டகையில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். பத்துப் பேர் போனால் நாலைந்து பேர்தான் தேறுவார்கள். தேறியவன் விரல் சும்மா இருக்காது. என் மெஷின் பலகையில், கத்தரிக்கோலில், டீ கிளாஸில் எங்கே பார்த்தாலும் தட்டும். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து வாயைத் திறக்காமல் விரலாலேயே பேசிச் சிரிப்பதை நான் பார்த்திருக்கிறேன். என்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்களோ என்று சந்தேகம் வரும். ஆனாலும் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பேன்.

பீரங்கிக்காரன் ஒருவன் கொட்டகை வாசலில் நின்றபடி, கட்டைவிரலை நீட்டி ஒரு கண்ணை மூடி, தூரத்துப் பனைமரம் இத்தனை அடி என்றான். எனக்கு நம்பிக்கை இல்லை. அவன் போனதும் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு பனைமரம் வரை குனிந்து குனிந்து அளந்தேன். மூன்று முழம்தான் வித்தியாசம். அது நாடாவின் தப்பாகவும் இருக்கலாம்.

லாரி டிரைவர்களுக்கு இரண்டு மண்பானைக்கு நடுவே பின்பக்கமாகவே வண்டியைக் கொண்டுபோக வேண்டும். ரொட்டி சுடுகிறவன் அடுப்புக்குள் வெறுங்கையை நீட்டி, எத்தனை எண்ணும்வரை தாங்குகிறது என்று பார்த்தே சூட்டைச் சொல்வான். வெறும் ரொட்டி என்று நாம் நினைக்கிறோம், அதற்கும் மாதக்கணக்கில் படிப்பு.

ஊர் வைத்த வரிசை வேறு. அதை டீக்கடை பெஞ்சில் பார்க்கலாம். கொடிக்காரன் வந்தால் உட்கார்ந்திருப்பவர்கள் தானாக நகர்ந்து இடம் விடுவார்கள். பீரங்கிக்காரனுக்கும் இடம் உண்டு. டிரைவர் கேட்டு உட்காருவான். மண்வெட்டிப் பட்டாளம் நின்றே குடிக்கும். எல்லாருக்கும் கடைசியில், கிளாஸை வாங்கிக்கொண்டு வேலியோரம் போய் நிற்பவர்கள், அடிபட்டவர்களைத் தூக்கும் கூட்டம். அவர்களுக்கு ஊர் வைத்த பெயர் 'பாடை பார்ட்டி'.

நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது எழுதும்போது நாக்கு கூசுகிறது.

ஓட்டுத்தையலும் என் திமிரும்

எங்கள் கொட்டகையில் ஒரு பழக்கம் இருந்தது. நாளைக்குப் பரீட்சை என்றால் இன்றைக்கு வந்து சின்னத்தைச் சட்டைக்கையில் ஓட்டுத்தையலாகப் போட்டுக்கொள்வார்கள். தூணில் தொங்கும் கண்ணாடியில் முன்னும் பின்னும் பார்ப்பார்கள். பிறகு நூலை இழுத்தால் ஒரே இழுப்பில் வந்துவிடும். சின்னத்தை என்னிடமே கொடுத்துவிட்டுப் போவார்கள். தேறினால் மறுநாள் வந்து கெட்டித்தையல் போட்டுக்கொள்வார்கள். தேறாதவன் அந்தப் பக்கமே வரமாட்டான். தேறுமுன் கெட்டியாகத் தைத்தால் ஆகாது என்பது அவர்கள் எல்லாருக்கும் உள்ள நம்பிக்கை. சட்டப்படி குற்றமும்கூட.

ரத்தினம் தந்தி வகுப்பில்தான் இருந்தான். எங்கள் வீட்டில் ஏர் பிடித்த கைகளைத் தவிர வேறு கை கிடையாது. அந்த வீட்டிலிருந்து ஒருத்தன் கொடிக்காரன் ஆகப்போகிறான் என்று எனக்குத் தலைகால் தெரியவில்லை. பரீட்சைக்கு முந்தின நாள் நடேசன் மாப்பிள்ளை பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். தம்பி ஓட்டுத்தையல் போதும் என்றான். நான் கேட்கவில்லை. வருகிற மனுஷன் தொட்டுப் பார்த்துத் தையல் நெகிழ்ந்தால் என்ன ஆவது என்று, மெஷினில் வைத்து நாலு பக்கமும் இரண்டு வரி கெட்டியாக ஓட்டிவிட்டேன்.

நடேசன் வந்தார், கொடியைப் பார்த்தார், உண்மையிலேயே தொட்டும் பார்த்தார். அன்று சாயங்காலமே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டோம்.

மறுநாள் தம்பி தேறவில்லை. காதில் விழுந்ததை யோசிக்காமல் எழுத வேண்டுமாம், இவன் ஒவ்வொன்றையும் யோசித்தானாம். தையலை நானே பிளேடால் பிரித்தேன். நூல் போய்விட்டது, காக்கித் துணியில் ஊசி போட்ட ஓட்டைகள் மட்டும் சதுரமாக நின்றுவிட்டன. துவைத்தும் போகவில்லை.

அதோடு விடவில்லை விதி. அவனைத் தூக்குக்கட்டில் கூட்டத்துக்கு மாற்றினார்கள். நடேசன் வீட்டுக்கு நான் ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்பவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி இருந்தது என் நிலைமை.

தட்டோடு வந்த சம்பந்தி

ரயிலடியில் எந்தச் செய்திதான் தங்கும்? பட்டாபிராம் சைடிங்குக்குச் சரக்கு வண்டியோடு வந்துபோகிற ஆட்கள் வாயிலாக விஷயம் அம்பத்தூருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒரு நாள் காலை நடேசன் என் கொட்டகை முன் வந்து நின்றார். கையில் நாங்கள் கொடுத்த தாம்பூலத் தட்டு, துணி சுற்றியிருந்தது.

"தா பாரும்மா, எனக்குக் கோவம் இல்ல. கொடி போட்ட மாப்ளன்னு ஆபீஸ் பூரா சொல்லிக்கினு கீறேன். இப்போ பாடை தூக்கறவன்னு தெரிஞ்சா இன்னா பேசுவாங்க? மங்கலமா ஒரு வேலை இல்லியே அது."

தையல் என்னுடையது, பொய்யும் என்னுடையது. தம்பிக்கு இதில் பங்கில்லை என்று மட்டும் சொன்னேன். கெட்டித்தையல் போட்டது நான்தான் என்று சொல்லி அழுதேன். அவர் கல்மனசுக்காரர் இல்லை, தட்டை என்னிடம் நீட்டுவதற்கு அவருக்கும் கை வரவில்லை. பையன் எங்கே, அவனிடமே முகத்துக்கு நேராக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன் என்றார்.

அன்றைக்குத்தான் அவர்களுக்கு ஏரிக்கரையில் கடைசிப் பரீட்சை. அழைத்துக்கொண்டு போனேன்.

எடை தேடிய ஹவில்தார்

ஏரி வற்றிக் கிடந்தது. கரை, அதன் கீழே வரப்புகள், அப்புறம் ஒரு கள்ளிவேலி, ஒரு சேற்றுப் பள்ளம். ஊர் ஜனம் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தது. பயிற்சி கொடுக்கும் ஹவில்தார் வேலூர்ப் பக்கத்துக்காரர். நாற்காலி போட்டு ஒரு வெள்ளைக்கார டாக்டர் துரை உட்கார்ந்திருந்தார்.

தூக்குவதற்கு ஒரு ஆள் வேண்டும் அல்லவா? பட்டாளத்துப் பையன்கள் எல்லாம் ஒல்லி. ஒல்லியைத் தூக்கிக் காட்டினால் அது பரீட்சையா என்பது ஹவில்தாரின் வாதம். அதனால் வேடிக்கை பார்க்க வந்தவர்களில் கனமான ஆளாகப் பார்த்துப் பிடித்துப் படுக்க வைப்பது அவர் வழக்கம். நடேசன் கரைமேல் ஏறியதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததே, அதை நான் மறக்கவில்லை.

நடேசன் பதறிப்போனார். உயிரோடு இருக்கிறவன் நாலு பேர் தூக்கப் படுக்கலாமா? வேண்டவே வேண்டாம் என்று பின்வாங்கினார். அந்த நேரம் பார்த்து துரை நாற்காலியிலிருந்து எழுந்துவந்து, சிரித்த முகமாக, தயவுசெய்து என்று இங்கிலீஷில் கேட்டார். கூட்ஸ் ஆபீஸில் முப்பது வருஷமாக எந்தத் துரையிடமும் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத மனுஷர். கால் தானாக மடங்கியது. தட்டை என்னிடம் கொடுத்தார், குடையைக் கரையில் போட்டார், படுத்துவிட்டார்.

ஹவில்தார் தன் கையாலேயே போகணியில் தண்ணீர் ஊற்றினார், விளிம்புக்கு மேலே மினுமினுக்கும் வரை. நிறைகுடம் தளும்பாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள் நம் பெரியவர்கள். அதைத் தூக்கிக்கொண்டு வரப்பில் நடந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

கால் மாறி நடந்தவர்கள்

தூக்கினார்கள். நாலு பேரும் ஒரே மூச்சில் எழுந்தார்கள். தண்ணீர் அசையவில்லை.

பட்டாளம் என்றால் எல்லாக் காலும் ஒன்றாக விழ வேண்டும் என்றுதானே நினைப்போம்? கவாத்தில் ரத்தினம் கால் மாற்றிப் போட்டதற்குத் திட்டு வாங்காத நாள் இல்லை. இங்கே தலைகீழ். நாலு பேரும் ஒரே காலை எடுத்து வைத்தால் கட்டில் ஊஞ்சல் மாதிரி ஆடுமாம். அதனால் ஒருத்தன் இடது காலை வைக்கும்போது மற்றவன் வலது காலை வைக்க வேண்டும். மாதக்கணக்கில் அடித்துப் பழக்கிய நடையை மறந்து புது நடை படிக்க வேண்டும். பலர் இதிலேயே தோற்றுப்போவார்களாம். சின்ன வயதிலிருந்து நாற்றுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வழுக்கும் வரப்பில் நடந்த என் தம்பிக்கு அந்த நடை காலிலேயே இருந்தது.

கரைச் சரிவில் இறங்கும்போது கீழே போனவர்கள் கட்டிலைத் தோள் வரை உயர்த்தினார்கள், மேலே நின்ற ரத்தினமும் இன்னொருவனும் முழங்காலை மடக்கிக்கொண்டே வந்தார்கள். நிலம் சாய்ந்தது, கட்டில் சாயவில்லை. கள்ளிவேலியில் ஒரு இடைவெளி, ஒரு ஆள் நுழைகிற அளவுதான். இரண்டு பேர் விலக, மற்ற இருவர் கனத்தைத் தாங்கிக்கொண்டு நின்றார்கள். எப்போது கை மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. முள் கிழித்து ஒருத்தன் முழங்கையில் ரத்தம் வடிந்தது, அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஊர் ஜனத்தின் பேச்சு ஒவ்வொன்றாக நின்றுபோயிற்று. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கோயிலில் தேர் நிலையை விட்டு அசையும்போது வருமே, அந்தப் புல்லரிப்பு.

இதற்கா நாம் பாடை பார்ட்டி என்று பெயர் வைத்தோம்?

சேற்றுப் பள்ளத்துக்கு நடுவில் அவர்கள் இருக்கும்போது ஹவில்தார் ஒரு காலி பெட்ரோல் டின்னை எடுத்தார். கட்டையால் ஓங்கி ஒரு அடி. குண்டு விழுந்த சத்தம். பக்கத்தில் இருந்த மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. தூக்கியவர்கள் அசையவில்லை. ஆனால் படுத்திருந்தவருக்கு உயிரே போய்விட்டது. நடேசனின் தொப்பை குலுங்கியது, போகணியில் தண்ணீர் இந்த விளிம்புக்கும் அந்த விளிம்புக்கும் ஓடியது.

நான் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். தூக்குகிறவன் எவ்வளவு படித்து என்ன, படுத்திருக்கிறவன் நடுங்கினால் தண்ணீர் நிற்குமா? இதை யாரும் யோசிக்கவில்லையே, அநியாயமாகப் போச்சே என்று என் மனசு அடித்துக்கொண்டது.

ஹவில்தார் மறுபடி ஓங்கி அடித்தார். அப்போதுதான் புரிந்தது, அவர் யோசித்துத்தான் அடிக்கிறார் என்று.

ரத்தினம் நடையை நிறுத்தவில்லை. தலையை மட்டும் கொஞ்சம் தாழ்த்தினான். சேற்றில் கால் வைக்கும் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லாததால் அவன் பேசியது கரைவரை கேட்டது.

"மாமா, மூச்ச மெதுவா உடுங்க. நாங்க கீறோம்."

மறுபடி அதையே சொன்னான். குழந்தையிடம் பேசுகிற மாதிரி இல்லை, கெஞ்சவும் இல்லை. பொழுது விடிந்தது என்று சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னான். நடேசனின் உதடு முருகனை விட்டது. இறுக மூடியிருந்த கண் திறந்து மேலே தம்பியின் முகத்தைப் பார்த்தது. தொப்பை ஏறி இறங்குவது நிதானப்பட்டது. மூன்றாவது முறை டின் அதிர்ந்தபோது போகணியில் ஒரு வளையம்தான் ஓடியது.

தையல் கேட்காத பட்டி

கரையேற்றி இறக்கினார்கள். துரை குனிந்து கோட்டைத் தொட்டுப் பார்த்து, தலையாட்டினார். நடேசன் எழுந்து தானும் ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டார். உலர்ந்த துணி. கஞ்சி மடிப்புக்கூடக் கலையவில்லை. பிறகு ஹவில்தார் கையிலிருந்த போகணியை வாங்கி, அத்தனை தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்தார். பாவம், தொண்டை அப்படி உலர்ந்து போயிருக்கிறது.

முகத்துக்கு நேராகச் சொல்ல வந்த வார்த்தையைச் சொல்ல ரத்தினத்திடம் போனார். நான் கையில் தட்டோடு பின்னாலேயே போனேன்.

"செல்லத்துக்கு இடின்னா ரொம்ப பயம்ப்பா. ஊட்ல நாங்க யாரு சொன்னாலும் கேக்காது. அப்போ நீ இதே மாதிரி சொல்லு."

செல்லம் என்பது அவர் பெண். முறிக்கக் கொண்டுவந்த தட்டை அவர் மறந்தே போனார், கல்யாணத்துக்கு ஆகும் என்று நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

மறுநாள் தம்பி கொட்டகைக்கு வந்தான். தேறியவர்களுக்குக் கொடுத்த கைப்பட்டியைக் காட்டினான். வெள்ளைத் துணி, தூக்குக்கட்டில்காரன் என்பதற்கு இரண்டு இங்கிலீஷ் எழுத்து, முனையில் நாடா. கொடு தைக்கிறேன் என்று ஊசியில் நூலைக் கோத்தேன். இதைத் தைக்கக் கூடாதாம், கட்டிக்கொள்வதுதானாம். ஆவடியில் எத்தனையோ கைகளுக்குச் சின்னம் வைத்தவள் நான். நான் பார்த்துப் பிரமித்த வேலைக்கு ஊசி போட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. நாடாவை மட்டும் முடிந்துவிட்டேன். பழைய ஓட்டைகள் பட்டிக்கு அடியில் மறைந்துபோயின.

கல்யாணம் முடிந்து இரண்டு மாதத்தில் அவனைப் பர்மா எல்லைக்கு அனுப்பினார்கள். யுத்தம் முடிந்து திரும்பி வந்தான். அங்கே நடந்ததைப் பற்றி அதிகம் பேசமாட்டான், நாங்களும் நோண்டவில்லை. ஒரே ஒரு முறை கேட்டேன், எத்தனை பேரைத் தூக்கினாய் என்று. எண்ணவில்லை என்றான். அடிபட்டவர்களிடம் என்ன பேசுவாய் என்று கேட்டேன். ஏரிக்கரையில் மாமாவிடம் சொன்னதைத்தான் எல்லாரிடமும் சொன்னானாம். பஞ்சாபிகள், கூர்க்காக்கள், வெள்ளைக்காரர்கள், எல்லாரிடமும்.

தமிழ் தெரியாதவனுக்கு அது என்னடா புரியும் என்றேன்.

"படுத்துக்கினு கீறவனுக்குப் புரியும்க்கா" என்றான்.